தொப்பி இல்லாத கப்டனும் ஒற்றைக்கோடும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியில் முதலைக்குப் பயந்தவர்களைவிட ஒற்றைக்கோட்டுக்குப் பயந்தவர்களே அதிகம். முதலையாவது பசித்தால்தான் வாயைத் திறக்கும். இந்த மனிதருக்கு உங்கள் சட்டையில் ஒரு பொத்தான் திறந்திருந்தால் போதும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாவிக்கரை முகாமில் சட்டை, சப்பாத்து எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஸ்டோர் கிளார்க்காக இருந்த எனக்கே பதிவேட்டைப் பார்த்தால்தான் அது ஞாபகம் வரும். சட்டைக் கையில் ஒரே ஒரு கோடு தைத்த லான்ஸ் கோப்ரல் என்பதால் எல்லாருக்கும் அவர் ஒற்றைக்கோடுதான். கோடு வைத்தவர்களில் அவரைவிடச் சின்னவர் கிடையாது. அந்தச் சின்னக் கோட்டுக்கே பதினொரு வருஷம் காத்திருந்தார்.

காவல் முறை வரும் நாளில் அவர் உட்காரவே மாட்டார். காற்சட்டையின் மடிப்புக் கலைந்துவிடுமாம். நாவற்குடாவிலிருந்து முகாம் வரை லொறியில் நின்றபடியே வருவார். ரோட்டிலுள்ள குழிகளில் லொறி விழுந்து எழும்பும்போது நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவோம். அவர் கூரைக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தொங்கும் நிலையிலேயே எங்களைத் திட்டுவார்.

"டேய் கிளார்க்கு, கிறுகு, இஞ்சால திரும்பு! அது என்ன பெல்ட்டா, அறுணாக்கொடியா?"

கோபம் இல்லாத நேரத்தில் அவரைக் கண்டவர் இல்லை. விடிந்தால் தேத்தண்ணிக்கு முன்னாலேயே கோபம் வந்துவிடும். நாவற்குடாக் கோயில் மதிலில் துவக்குப் பிடித்த இரண்டு சுதைச் சிப்பாய்கள் நிற்பார்கள். அதில் ஒருவனுக்கு நாலாவது பொத்தானுக்கு வர்ணம் பூச மறந்துபோனார்கள். ஒற்றைக்கோடு மூன்று வெள்ளிக்கிழமை பொறுத்தார். பிறகு கோயிலை நடத்தும் வண்ணக்கரைப் பிடித்துக்கொண்டார்.

"பொம்மதானே, விடுங்க," என்றார் வண்ணக்கர்.

"பொம்மையெண்டா? உடுப்புப் போட்டா அவனும் சிப்பாய்தான்!"

நாலாவது வெள்ளிக்கிழமை ஏணியும் மஞ்சள் வர்ணமுமாக வந்து, பொத்தானைப் பூசி, இறங்கும்போது அந்தச் சிப்பாயை முறைத்துவிட்டும் போனார்.

முகாம் வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. வெளியே போகிறவர்கள் அதன் முன்னால் நின்று தங்களைச் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் மேஜர் கையெழுத்திட்ட கட்டளை ஒட்டியிருக்கும். ஒழுங்காக உடுத்தாத எவரும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். ஒற்றைக்கோட்டுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அதுதான். 'எவரும்' என்ற சொல் வரும் இடத்தில் குரலை உயர்த்திச் சொல்வார்.

இனிக் கப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துத் துரையாக இருந்து பட்டாளத்துக்கு வந்த வெள்ளைக்காரர் அவர். தொழிலாளரை விரட்டுவதற்காகப் படித்த தமிழைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கொட்டினார். 'டா' போடாமல் அவருக்கு ஒரு வசனம் முடியாது. ஒரு காலை அணிவகுப்பில், தொப்பி அரை விரற்கடை சரிந்திருந்தது என்று ஏழு பேரின் லீவுச் சீட்டை எங்கள் முன்னாலேயே கிழித்தார். அதில் ஒருவன் கதிரவெளிக்காரன். பிறந்து ஒன்பது நாளான மகனைப் பார்க்கப் புறப்பட்டு நின்றவன். கிழிந்த சீட்டைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் செய்த கப்டன்தான் அந்தி பட்டதும் தொப்பியில்லாமல், மூன்று பொத்தான் திறந்த சட்டையும் காலில் செருப்புமாகக் கிளப்புக்குப் போவார். எல்லாக் காவற்காரரும் கண்ணை மூடிக்கொண்டு வாசலைத் திறந்துவிடுவார்கள்.

ஒற்றைக்கோடும் கண்ணை மூடியிருக்கலாம். மூடத்தான் வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். சம்பந்தி செட்டிபாளையத்தில் வட்டைவிதானை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு, வரம்புச் சண்டை தீர்க்கிற அதிகாரி. கோப்ரல் வீட்டில் பெண் எடுப்பதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கோட்டோடு வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வேண்டும் என்பது ஒற்றைக்கோட்டின் பதினொரு வருஷ ஆசை. குற்றம் சாட்டிக் கோட்டைப் பறித்துவிட்டால், வட்டைவிதானை என்ன சொல்வாரோ?

அன்று அந்தியில் நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டையை உள்ளே சொருகிக்கொண்டிருந்தேன். கப்டன் விசிலடித்துக்கொண்டு வந்தார். ஒற்றைக்கோடு காலை ஓங்கி அடித்து நிமிர்ந்து ஒரு சலூட் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏய், கேட் தொறடா."

கை அப்படியே நின்றது.

"கைய எறக்குடா!"

"எறக்க ஒண்ணா சேர். சேர் திருப்பிச் சலூட் வச்சாத்தான் நான் எறக்கலாம்."

"நான் எப்பிடிடா வைக்கிறது? தொப்பி இல்ல!"

"ஓம் சேர். அதத்தான் நானும் சொல்லுறன். தொப்பி இல்லாமச் சலூட் வைக்கச் சட்டம் இல்ல. சேர் போய்த் தொப்பி போட்டுக்கு வாங்க. அதுமட்டும் இப்பிடியே நிக்கிறன்."

மரியாதையில் ஒரு குண்டூசி அளவுகூடக் குறைவில்லை. குரலும் உயரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கத்திய மனிதர் அந்த ஒரு தடவைதான் மெல்லப் பேசினார். ஆனால் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. கிழிந்த ஏழு சீட்டும் அந்த மனிதரின் நெஞ்சுக்குள் கிடந்து கொதித்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கப்டன் கத்தினார். தோட்டத்துத் தமிழ் தீர்ந்ததும் இங்கிலீஷில் கத்தினார். சத்தம் கேட்டுக் குசினியில் இருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வந்துவிட்டார்கள். வாவிப் பக்கத்திலிருந்து நுளம்பு கிளம்பி வந்து ஒற்றைக்கோட்டின் மூக்கில் ஒன்று, உயர்த்திய கையில் நாலு என்று உட்கார்ந்தது. மனிதர் அசையவில்லை. கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

தொப்பியோடு வந்தார். பொத்தான்களையும் போட்டிருந்தார். கையை நெற்றிக்குக் கொண்டுபோய், ஈ விரட்டுவதுபோல ஒரு சலூட் வைத்தார். ஒற்றைக்கோடு கையை இறக்கினார்.

"நன்றி சேர். மறுகா, அந்தச் செருப்பு."

குசினிக்காரர் ஒருவரின் கரண்டி கீழே விழுந்தது.

அடுத்த நாள் விசாரணை. மேஜர் கட்டளையை மூன்று தரம் வாசித்தார். 'எவரும்' என்ற சொல்லில் கப்டனைக் கழிக்க வழியில்லை. எழுதியவரே மேஜர்தான். ஆனாலும் மேலதிகாரியைச் சிப்பாய்கள் முன்னால் அவமதித்தது குற்றம் என்று கோட்டைப் பறிக்கச் சொன்னார். சட்டத்தின்படி நடந்தவனுக்குத் தண்டனை, சட்டத்தை மீறியவருக்கு ஒரு கிளாஸ் பிராந்தி! இதுதான் அவர்களுடைய ஒழுங்கு. தூ!

கப்டன் தானே வந்து கோட்டைப் பிய்க்கக் கையை நீட்டினார்.

"பிய்க்காதீங்க சேர்," என்றார் ஒற்றைக்கோடு. "சட்ட கிழிஞ்சிரும். அரசாங்கச் சொத்து."

காத்தான்குடியிலிருந்து முகாமுக்கு வரும், நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் தையற்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் பிளேடால் ஒவ்வொரு நூலாக வெட்டினார். வெட்டி முடிந்ததும், "என்னால வேற ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு தம்பி," என்று சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் போனார்.

கோடு போன பிறகும் வாசல் காவல் ஒற்றைக்கோட்டுக்கு வரத்தான் செய்தது. அந்த நாட்களில் கப்டன் முகாமின் பின்பக்கமாகப் போய், மீன்காரர் ஒருவரின் தோணியில் குந்தி, வாவியைச் சுற்றிக்கொண்டு கிளப்புக்குப் போனார். நாங்கள் கரையில் வரிசையாக நின்று, தொப்பியெல்லாம் நேராக வைத்து, அந்தத் தோணிக்குச் சலூட் வைத்தோம்.

கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒற்றைக்கோடு என் ஸ்டோருக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. சட்டைக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பல வருஷம் வெயிலில் காய்ந்து சட்டை வெளுத்திருந்தது. கோடு இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், அச்சொட்டாகக் கோடு மாதிரியே கறுத்துத் தெரிந்தது.

"பாரு. கோடு இல்லாதவன் கோடு வச்சமாதிரித் திரியிறன். இது ஒழுங்கில்ல. மற்றச் சட்டையும் இப்பிடித்தான். கலியாணத்துக்குப் புதுச் சட்ட ஒண்டு தா."

நான் அவரைப் பார்த்தேன். "உங்கட அளவு இல்ல அண்ணன்," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"ஓம். கொழும்பிலிருந்து வரவேணும்."

"அப்ப எழுத்தில தா," என்றார். தந்தேன். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தித் தந்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

கலியாணத்தன்று நாவற்குடாவில் தன் வளவு வாசலில் நிமிர்ந்து நின்றார். செட்டிபாளையத்தார் மேளத்தோடு வந்தார்கள். வட்டைவிதானையின் கண் நேரே சட்டைக் கைக்குத்தான் போனது. விஷயம் அங்கேயும் எட்டியிருந்தது. மேளகாரர்கூட நிறுத்திவிட்டார்கள். பேசாமல் நிற்பாரா இந்த மனிதர்?

"நான் இப்ப கோப்ரல் இல்ல," என்றார். "கோட்ட எடுத்திட்டாங்க. இது அடையாளம் மட்டும்தான். புதுச் சட்ட ஸ்டோரில இல்ல. கடுதாசி இருக்கு." பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

வட்டைவிதானை கடுதாசியை வாங்கவில்லை. குனிந்து சட்டைக் கையை நன்றாகப் பார்த்தார்.

"எடுத்தும் போகல்லயே," என்றார். "அப்பிடிக் கோடு எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. வழிய விடுங்க சம்பந்தி, புள்ள வெயிலில நிக்கிறான்."

ஒற்றைக்கோடு வழிவிடவில்லை. மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, "சால்வை எறங்கிக் கிடக்கு," என்று உறுமி, தன் கையால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

ஸ்டோர்க்காரன் என்ற முறையில் நான் எழுதிய பொய்க் கடுதாசிகளுக்குக் கணக்கில்லை. அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நான் வெட்கப்படவில்லை. அவர் அன்று சட்டை கேட்டு நின்றபோது அவருடைய அளவில் மூன்று புதுச் சட்டைகள் என் முதுகுக்குப் பின்னால் தட்டில் இருந்தன. அவர் பார்த்துவிடக் கூடாதே என்று நான் கதிரையைவிட்டு எழும்பவே இல்லை.