மெப்பில் இல்லாத கடை

கெலிஓயாவில் என் ஹாட்வெயார் கடை கண்ணுக்குத் தெரியாத ஒரே மனிதர் மெப் நானாதான். மூன்று மாடி. வாசலில் ஆளுயர எழுத்தில் பெயர்ப்பலகை. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்போடு இறங்கி வந்து நான் கட்டியது. பஸ்காரர்களே என் கடைப் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குவார்கள். நானா மட்டும் அதை வயல் என்பார்.

பழைய கடதாசி வாங்கி விற்பது அவர் தொழில். ஏதோ நில அளவைக் கந்தோர் கழித்துப்போட்ட குப்பையில், இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வயலாக இருந்த காலத்து வரைபடம், அவர் பாஷையில் மெப், அவருக்குக் கிடைத்தது. அதை மட்டும் அவர் விற்கவில்லை. பிவிசி குழாய்க்குள் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, அதன்படியே நடந்தார். வங்கி வாசலில் கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தாலும் வளைந்து வளைந்துதான் போவார். மெப்பில் அங்கே வரப்பு. என் கடைக்கு வந்தால் செருப்பைக் கழற்றி, சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவார். உள்ளே பளபளக்கும் டைல்ஸ்.

"சேறு எங்க நானா இருக்கு?"

"ஒங்களுக்கு வெளங்காது முதலாளி. நான் கணுக்கால் அளவுக்கு நிக்கிறன்."

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்பக்கம் சீமெந்து ஸ்டோருக்கு அத்திவாரம் வெட்டினேன். சம்பாதித்ததெல்லாம் அதில்தான் போட்டிருந்தேன். நானா வந்து மெப்பை விரித்தார். நூல் மாதிரி ஒரு நீலக்கோடு.

"வாய்க்கால் ஓடுது. நாலடி தள்ளிக் கட்டுங்க."

"அதை மூடி எத்தனையோ வருசமாச்சு நானா."

"மூடினது மனுசன். தண்ணிக்கு யாரு சொன்ன?"

மூன்று நாள் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். மேசன் பாஸ் கலவையோடு நின்றார். தொல்லை விட்டால் போதுமென்று தள்ளிக் கட்டினேன். நான் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரமே குளம். வெள்ளம் நேராக என் பின்வாசலுக்கு வந்து, வீடு தெரிந்த மாடு மாதிரி அந்த நாலடிக்குள் திரும்பிப் போனது. ஒரு மூட்டைகூட நனையவில்லை.

நானா முழங்கால் தண்ணீரில் வந்தார். வாசற்படியில் ஏறி, மடித்துக் கட்டிய சாரனை இறக்கிவிட்டார். செருப்போடு நேராக உள்ளே நடந்தார்.

"என்ன நானா, இன்னைக்கு வயல் இல்லையா?"

"வயலுக்குள்ள சீமெந்து காஞ்சி ஈக்குமா முதலாளி? இது கடை."

என் மேசை லாச்சியைத் திறந்து பென்சிலை எடுத்தார். மெப்பில் ஒரு புள்ளி வைத்தார்.

நானா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவர் மகள் அந்தக் குழாயை என்னிடம் கொடுத்தாள். வருகிறவர்களுக்கு மூன்று மாடியைக் காட்டுவதற்கு முன் அந்த எள்ளளவு புள்ளியைத்தான் காட்டுகிறேன். காலையில் கடை திறந்ததும், யாரும் பார்க்காதபோது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.