சகலையின் கைராசியும் என் வண்டிப் பூட்டும்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மூத்த தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால், உங்கள் தங்கைகள் இருவரும் சௌக்கியம்; மாடியில் குடியிருக்கும் உங்கள் சின்ன மாப்பிள்ளை, அதாவது என் அருமைச் சகலை, ரொம்பவே சௌக்கியம். எனக்குத்தான் மனசு சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கைக்கு அடுப்படியிலிருந்தே தெருமுனைப் பேச்சு கேட்கும். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் மோட்டார் சைக்கிள் பூட்டு. பதினாறு வருடமாக நான் ஓட்டுகிற வண்டி. ஹேண்டிலைப் பூட்டுவதற்கும் வண்டியை உயிர்ப்பிப்பதற்கும் ஒரே சாவி, ஒரே துவாரம். திருட்டு விஷயத்தில் நான் எவ்வளவு உஷார் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் வாசல் நடையில் வண்டியைச் சுவரோடு ஒட்டி, முன்சக்கரத்தைப் படிக்கட்டில் நன்றாக அழுத்தி முட்டக் கொடுத்து, ஹேண்டிலை ஒடித்துப் பூட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். மழைக்காலம் முடிந்ததிலிருந்து காலையில் சாவி திரும்ப மாட்டேன் என்கிறது. உள்ளே போகிறது, அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் தங்கை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள். முதல் நாள் நான் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து சகலை இறங்கி வந்தான். வலது கையின் இரண்டு விரலால் சாவியைப் பிடித்தான். இடது கையை, போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி, ஹேண்டில் மேல் வைத்துக்கொண்டான். கிளிக். அவ்வளவுதான். உங்கள் தங்கை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: "அவரு கை பட்டாலே திறந்துக்குது பாருங்க. கைராசிங்க."

மச்சான், இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். என் கையைப் பற்றி இந்த வீட்டில் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. எடைமேடையில் நாற்பது டன் லாரியை ஏற்றி இறக்குகிறவன் நான். என் வண்டியை நானே திறப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சமையல் எண்ணெயைத் துவாரத்தில் விட்டேன். ஒரு நாள் வழுக்கியது. மறுநாள் தெருப்புழுதியெல்லாம் அதில் ஒட்டிப் பசையாகிவிட்டது, வழிந்த எண்ணெய் உங்கள் தங்கையின் புதுப்புடவையில் கறையானது. சாவிதான் தேய்ந்துவிட்டது என்று நகல் எடுக்கப் போனேன். தேய்ந்த சாவிக்கு நகல் எடுத்தால் தேய்ந்த நகல்தான் வரும் என்று சாவிக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்கவில்லை. இப்போது திரும்பாத சாவி என்னிடம் இரண்டு இருக்கிறது. பென்சில் கரியைப் பொடித்துப் போட்டால் பூட்டு இளகும் என்று எடைமேடைக் காவலாளி சொன்னார். வீட்டில் கைக்குக் கிடைத்தது புருவம் தீட்டுகிற பென்சில். அதில் மெழுகு இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? சாவி பூட்டோடு பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. அதே வளையத்தில் எடைமேடை அறைச் சாவி. அதைக் கழற்றுவதற்குள் கட்டைவிரல் நகம் பெயர்ந்து, அங்கே பதினோரு லாரி வரிசையில் நின்று, மேலாளர் என்னிடம் விளக்கம் கேட்டு, நான் புருவப் பென்சில் என்று சொல்லி, சரி, அதை விடுங்கள். கடைசியில் அந்தச் சாவியை உருவி, பூட்டைக் கழுவிச் சுத்தம் செய்து கொடுத்தவன் யாரென்று நினைக்கிறீர்கள்? அவனேதான்.

இப்போது தினமும் எட்டேகாலுக்கு வீட்டில் ஒரே பாட்டு. "மாடியில ஒரு குரல் கொடுங்களேன்." நான் குரல் கொடுக்க வேண்டும். அவன் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கி வருவான். பம்ப் கம்பெனி மூடி எட்டு மாதமாகிறது, வீட்டில் சும்மா இருக்கிறவனுக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை? கிளிக். உடனே அவனுக்குக் காப்பி. என் டம்ளரில். பக்கத்து வீட்டுக்காரரும் தன் பீரோவைத் திறக்க நேற்று அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பொறாமை என்று நினைக்காதீர்கள். பொறாமைதான், ஆனாலும் நினைக்காதீர்கள்.

ஆகவே என் ஒரே வேண்டுகோள். ஏதாவது சாக்குச் சொல்லி அவனை ஒரு மாதம் உங்கள் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அந்தப் பூட்டை நான் வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். பெரியவர் நீங்கள் கூப்பிட்டால் தட்டமாட்டான். உங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல், எல்லாப் பூட்டும் ஒரே திருப்பில் திறக்க, மனதார வாழ்த்தும்,

உங்கள் மூத்த மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மச்சான், அவனைக் கூப்பிட வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க இன்று காலை சீக்கிரமே கிளம்பினேன். சாவி வழக்கம்போல அடம்பிடித்தது. வெறுத்துப்போய், மூச்சு வாங்க இடது கையை ஹேண்டிலில் ஊன்றினேன். ஹேண்டில் சுவரை விட்டு அரை அங்குலம் அசைந்தது. கிளிக். இத்தனை நாளும் சக்கரத்தை அழுத்தி முட்டக் கொடுத்துப் பூட்டை நெரித்தது நான்தான். அந்த இடது கை அலங்காரத்துக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வண்டி உறுமியது. ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்று நிமிர்ந்தால், படிக்கட்டில் பாதி இறங்கிய சகலை, இஸ்திரிச் சட்டையோடு, அப்படியே நின்றுவிட்டான்.

"சரியாயிடுச்சாண்ணே?" என்றான். பிறகு மெதுவாக, "அப்ப இனிமே எட்டேகாலுக்கு நான் இறங்கி வர வேண்டியதில்ல" என்றான்.

இந்த எட்டு மாதத்தில் தினமும் அவனை வேலை என்று கூப்பிடுகிற ஒரே குரல் என்னுடையது என்பது எனக்கு அந்தப் படிக்கட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வண்டியை அணைத்தேன். சக்கரத்தைப் படிக்கட்டில் பலமாக அழுத்தினேன். ஹேண்டிலை ஒடித்துப் பூட்டினேன். "இல்லப்பா, ஏதோ குருட்டாம்போக்குல திறந்துச்சு. மறுபடி பிடிச்சுக்கிச்சு. நீயே வந்து பாரு" என்றேன். வந்தான். கிளிக். உங்கள் தங்கை வாசலுக்கு வந்து, கைராசி என்றாள். என் வயிறு எரிந்தது, மச்சான், இப்போதும் எரிகிறது. நாளைக்கும் எட்டேகாலுக்குக் குரல் கொடுப்பேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதும் அவன்தான். உறையை இரண்டு தடவை ஒட்டித்தான் அவனிடம் கொடுப்பேன். உங்களிடம் ஒரே ஒரு உதவி. அடுத்த தடவை உங்கள் தங்கையோடு பேசும்போது, பேச்சுவாக்கில், அந்தப் பூட்டை நானும் ஒரு தடவை திறந்தேன் என்று சொல்லிவையுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம். நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.