குளிர்த்தி நோட்டீஸும் என் லினக்ஸும்

எனக்குப் பிடிவாதம் அதிகம். இதை நானாகச் சொல்லவில்லை, என்னோடு ஒரு நாள் பழகியவர்கள்கூடச் சொல்வார்கள். கடைக் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றப்போகிறேன் என்றபோது கணவர் சொன்னதும் அதைத்தான்.

ஆரையம்பதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டைப்செற்றிங் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லேமினேற்றிங், கல்யாணக் கார்டு, நினைவஞ்சலி எல்லாம் நடக்கும். கணினிக்கு வயது போய்விட்டது. புதிய விண்டோஸ் அதில் ஏறாது. பழையதற்கு இனிப் பாதுகாப்பு இல்லை. வாடிக்கையாளர்களின் பென்டிரைவிலோ உலகத்து வைரஸ் எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கும். "லினக்ஸ் போட்டால் பழைய பெட்டியும் பறக்கும்" என்று யூடியூபில் யாரோ சொன்னார். நம்பிவிட்டேன். (இதையே கணவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.)

"அம்மன் கோயில் சடங்கு நெருங்கிற நேரத்தில உனக்கு இந்த வேல தேவையா?" என்று கேட்டார்.

"இப்ப மாத்தாட்டி நான் எப்பயும் மாத்தமாட்டன்" என்றேன்.

மாற்றினேன். பெட்டி பறக்கத்தான் செய்தது. பறக்காதது நான். போட்டோஷொப்புக்குப் பதில் கிம்ப் என்று ஒன்று கிடைத்தது. அதில் ஒரு பாஸ்போர்ட் படத்தின் பின்னணியை நீலமாக்கி முடிப்பதற்குள் படத்துக்குரியவருக்குத் தாடி வளர்ந்துவிட்டது. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஒபிஸ். அதில் என் பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழையே காணோம். பாமினி எழுத்துரு இல்லாததால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றன. அழுகை வந்தது. அழவில்லை. பழைய பென்டிரைவுகளைக் கிண்டிப் பாமினியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். தமிழ் திரும்பி வந்தது. அன்றைக்கு என்னைப்போல கெட்டிக்காரி இந்த வாவிக் கரையில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் அம்மன் கோயில் நோட்டீஸில் கை வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வரும். கணவனும் மனைவியும் ஒரே குடியாக இருக்கமுடியாது. சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. அம்மனைக் குளிரப்பண்ணும் கடைசி நாளான திருக்குளிர்த்தி என் மாமியின் குடிக்கு, அதாவது கணவருடைய அம்மாவின் குடிக்கு. அதற்கு முதல் நாள் என் குடிக்கு. (குடிகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பட்டது போதும்.) நோட்டீஸில் இடப்பக்கப் பெட்டியில் நாட்கள், வலப்பக்கப் பெட்டியில் குடிகள். ஒவ்வொரு வருடமும் அதே கோப்பைத் திறந்து திகதியை மட்டும் மாற்றி அடிப்பேன். அந்த முறையும் திகதியை மட்டும் மாற்றினேன். எழுத்து எழுத்தாகத் தெரிகிற சந்தோஷத்தில் வேறொன்றையும் பார்க்கவில்லை. அடித்துக் கொடுத்தேன், ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

மறுநாள் காலை மாமி கடைக்கு வந்தா. கையில் மதிலிலிருந்து உரித்த நோட்டீஸ்.

"புள்ள, எங்கட குடி அழிஞ்சு போச்சா?"

"என்ன மாமி செல்றீங்க?"

"குளிர்த்தி உங்கட குடிக்காம். எங்கட பேரே இல்ல. உன்ர கையால அடிச்சதுதானே இது?"

வாங்கிப் பார்த்தேன். வலப்பக்கத் தலைப்பு லிப்ரே ஒபிஸில் இடம் போதாமல் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அதனால் கீழே இருந்த குடிகள் எல்லாம் ஒவ்வொரு வரி இறங்கியிருந்தன. என் குடி போய்க் குளிர்த்திக்கு நேரே சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. மாமியின் குடி பெட்டிக்குள் இடமில்லாமல் மறைந்தே போயிருந்தது.

"கொம்பியூட்டர் செஞ்சது மாமி."

"கொம்பியூட்டருக்கு உன்ர குடியில என்ன அவ்வளவு பாசம்?"

நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று தெரியும்வரை தன் குடியில் ஒருவரும் குளிர்த்திக்குக் கோயிலில் கால் வைக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு மாமி போய்விட்டா. குளிர்த்தி குழம்பினால் ஊர் வாய்க்கு ஆயுள் முழுக்க நான்தான் அவல்.

"பழைய விண்டோஸத் திருப்பிப் போடு. கேட்டா வைரஸ் எண்டு செல்லுவம்" என்றார் கணவர்.

"மாத்தினா நான் களவு செஞ்ச மாதிரி ஆகும். மாத்தமாட்டன். பெட்டியத் தூக்குங்க."

கணினியை ஓட்டோவில் ஏற்றிக் கோயில் மண்டபத்துக்கே கொண்டுபோனேன். அங்கே வண்ணக்கர் ஐயா, அதாவது கோயில் நிர்வாகத் தலைவர், இருந்தார். மாமியும் குடியாட்களும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார்கள். ஒலிபெருக்கி கட்ட வந்த சவுண்ட்காரனின் வயரில் செருகிக் கணினியைப் போட்டேன். போனவருட நோட்டீஸை ஒரு பக்கம் வைத்தேன். கோப்பைத் திறந்தேன். எல்லோருக்கும் தெரிய, வலப்பக்கப் பெட்டியின் அடிவிளிம்பை மவுஸால் பிடித்து மெல்லக் கீழே இழுத்தேன்.

மாமியின் குடி வெளியே வந்தது.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தா.

"இவ்வளவு நேரமும் எங்கள உள்ளுக்கு ஒளிச்சு வெச்சிருந்தது ஆரு?"

"லினக்ஸ் மாமி."

"ஆரு அவன்? எந்தக் குடி?"

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதானே.

"அதுக்குக் குடியில்ல மாமி. ஒராளுக்குச் சொந்தமும் இல்ல. கனபேர் சேந்து செஞ்சது, ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம்."

வண்ணக்கர் ஐயா யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப அது ஊர்ப்பொது. ஊர்ப்பொதுவில ஆர் கோவிக்கிற?"

முதலில் சிரித்தது மாமிதான். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, இந்த முறை அழுதேன். அன்றைக்கே அதே லினக்ஸில், பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்காக அட்டவணை போட்டு, நோட்டீஸைத் திருப்பி அடித்தேன். நானும் கணவரும் மதில் மதிலாக ஒட்டினோம். குளிர்த்தியன்று மாமி என்னைத் தன் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டா.

இப்போதும் கோயில் நோட்டீஸ் என்னிடம்தான் வருகிறது. அடிக்க முதல் வண்ணக்கர் ஐயா வந்து, "இழுத்துப் பாரு புள்ள, கீழ ஆரும் இருக்காங்களா" என்று கேட்காமல் விடமாட்டார். வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். போனகிழமை மாமி வைத்த மீன்கறியை வாயில் வைத்த எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தேடினோம். ஒருவரும் வாய் திறக்க முதல் மாமி சொன்னா:

"உப்பு நான் போடல்ல. ஊர்ப்பொது போட்டது."