பதினேழாம் நம்பர் டப்பா

மத்தியானம் மூன்று மணிக்கு சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. நாலாவது நாளாக.

"பிரவின், அஞ்சு மணிக்கு ரிசார்ட்காரங்க வராங்க. அப்பவும் ஓடலைன்னா, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் வாயே திறக்க முடியாது" என்றாள் மேனேஜர் ஸ்ரீதேவி.

மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளில் ரூம் பதிவு செய்யும் புரோகிராம் அது. 2004-ல் வேலைக்குச் சேர்ந்த கையோடு பிரவின்குமார் எழுதியது. ஆள் வர வரப் புதிதாகச் செய்யாமல், மெமரியில் ஐம்பது டப்பாக்களைத் தயாராக வைத்திருந்தான். வருகிறவரின் விவரத்தைப் போட்டுவைக்க ஒன்று. அவர் போனதும் அதே டப்பா அடுத்தவருக்கு. அப்படியும் மெமரி நிரம்பி வழிந்தது.

"டப்பா பத்தலை மேடம்" என்று நூறாக்கினான். அரை மணியில் படுத்தது. இருநூறாக்கினான். டீ ஆறுவதற்குள் படுத்தது.

"இப்ப டப்பாவே பாதி இடத்தை அடைச்சுக்குதே!" என்று புலம்பினான்.

உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனாலும் நெல்மூட்டை இறக்கியவன் போலச் சட்டை நனைந்திருந்தது. கேன்டீனிலிருந்து மேசைக்கு வந்த மதியச் சாப்பாடும் பாதியில் நின்றதுதான்.

முகம் கழுவக் கேன்டீனுக்குப் போனான். கண்ணாடிக்குக் கீழே தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் சதுரங்கப்பட்டினத்து ஜான்சன் கையை முழங்கை வரை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான்.

"என்ன ஜான்சன்?"

"பேஜாரு சார். மேசைக்கு அனுப்புற சாப்பாட்டு டப்பா இருபதும் கரெக்டா திரும்பி வந்துடுது. ஆனா ஒரு ஆளு பதினேழாம் நம்பரு டப்பாவ கொட்டாமயே குடுக்கறாரு. மீன்முள்ளு, சோறு எல்லாம் உள்ளயே கீது. அவசரத்துல நானும் அப்டியே தொட்டில கவுத்துடறேன். டப்பா வந்துச்சானு மட்டும் பாத்தா ஆச்சா? காலியா வந்துச்சானு பாக்க வாணாம்?"

"சுத்த விவஸ்தை இல்லாத ஆளா..." என்ற பிரவின் பாதியில் நிறுத்தினான். முகம் கழுவாமலே ஓடினான்.

அவனுடைய டப்பாக்களும் ஒழுங்காகத்தான் திரும்பின. போனவரின் விவரம் மட்டும் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டிருந்தது. திரும்பும் இடத்தில் அதைக் கொட்டிவிட ஒரே ஒரு வரி எழுதினான். இருநூறை மறுபடி ஐம்பதாக்கினான்.

ரிசார்ட்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். ஏழு மணிக்குக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே உன் ஆர்டரை டைப் பண்ணச் சொல்றேன்" என்றாள் ஸ்ரீதேவி.

பிரவின் நேராகக் கேன்டீனுக்கு வந்தான்.

"அந்தப் பதினேழாம் நம்பர் ஆள் யாருன்னு சொல்லு ஜான்சன். திட்டமாட்டேன். அவராலதான் என் வேலை தப்பிச்சுது. ஒரு கும்பிடு போடணும்."

ஜான்சன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அதோ, தொட்டி மேல கண்ணாடி கீது. எதுர நின்னு போடு சார்."