ரஷீது களிக்கப் போன விவரம்

கொச்சங்காடி,
மட்டாஞ்சேரி.
1961 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை காலை.

மேலப்பாளையம் பலசரக்கு மொத்த வியாபாரம் சைபுதீன் மச்சான் அவர்களுக்கு, மைத்துனன் முகைதீன் பிச்சை சலாம் கூறி எழுதிக்கொண்டது. ஆண்டவன் காவலில் இங்கே நானும் சுல்ஃபத்தும் சுகமாக இருக்கிறோம், மழையும் குறைவில்லாமல் பெய்கிறது. அங்கே நீங்களும் தங்கை ரம்லத்தும் சுகமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. நேற்று வந்த உங்கள் தந்தியைப் படித்த பிறகு அப்படி எழுதினால் அது பொய்யாகும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் ரஷீது ஜெயிலில் இல்லை. இந்த வரியை ரம்லத்துக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு மேலே படியுங்கள். அவனுக்குக் கையும் முறியவில்லை, காலும் முறியவில்லை. ஆகவே, படிப்புப் போதும், பெயரை வெட்டச் சொல்லிக் காலேஜுக்கு எழுதப்போகிறேன், பயல் கடையில் வந்து உட்காரட்டும் என்று தந்தியில் சொல்லியிருக்கும் முடிவை இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரைக்குமாவது தள்ளிப்போட வேண்டும். கேள்வியை முழுக்க வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே பென்ஷன் வாங்கியவன் நான். மச்சானிடமும் அதையேதான் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் கடைக் கணக்கப்பிள்ளை சங்கரலிங்கம் மிளகு கொள்முதலுக்கு இங்கே வந்தார். ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வரவில்லை. அவருக்கென்று தனிப் பாத்திரத்தில் வைத்த சாம்பாரை மறுநாளும் நாங்களே சாப்பிட்டோம். மனுஷன் ஏன் வரவில்லை என்று எங்களுக்கு விளங்கவில்லை. இப்படி இருக்கும்போதுதான் நேற்று உங்கள் தந்தி. ரஷீது ஜெயிலில், எலும்பு முறிவு, வக்கீல் வை. நான் படித்துச் சொன்னதும் சுல்ஃபத், "நம்ம ரஷீதா? எறும்பு கடிச்சா எறும்புகிட்ட மன்னிப்புக் கேக்கிற பிள்ளையாச்சே!" என்றாள். உடனே அடுத்த மூச்சில், "அங்க ஒரே ஈரமா இருக்கும், கம்பிளி எடுத்துட்டுப் போங்க," என்று ஒரு மூட்டையைக் கட்டி என் தலையில் வைத்துவிட்டாள். நம்பவில்லை என்பவள் கம்பிளி கட்டுவானேன் என்று கேட்க எனக்கு நேரம் இல்லை.

நீங்கள் வக்கீல் வைக்கச் சொன்னதால் அடுத்த தெரு வக்கீல் வெங்கிட்டுவிடம் ஓடினேன். நல்ல மனிதர், பாலக்காட்டுக்காரர், வாத்தியார் என்பதால் என்னை மாஷே என்றுதான் கூப்பிடுவார். "என்ன செக்‌ஷனாக்கும், மாஷே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "செக்‌ஷன் தெரியாம ஜாமீன் கிட்டுமா கிட்டாதான்னு நான் எப்படிச் சொல்றது? சரி, இரும், கோட்டைப் போட்டுண்டு வரேன்," என்று புறப்பட்டார். ரஷீது படிக்கும் எறணாகுளத்துக்குப் படகில் போகும்போது அவர் வழக்கை உரக்க வாதாடிப் பார்த்துக்கொண்டே வந்தார். கொலையாக இருந்தால் இன்னது, கலகமாக இருந்தால் இன்னது என்று. படகு எறணாகுளம் ஜெட்டியைத் தொடும்போது, படகில் பாதிப் பேர் ரஷீது நிரபராதி என்றார்கள், மீதிப் பேர் ஆறு மாசம் என்றார்கள். இடக்கொச்சியிலிருந்து மீன் விற்க வந்த ஒரு அம்மாள் மட்டும், "அவன்டெ தள்ள எத்ர கரஞ்ஞு காணும்!" என்று கண்ணைத் துடைத்தாள். அவனைப் பெற்றவள் எவ்வளவு அழுதிருப்பாளோ என்று அர்த்தம். எனக்கு ரம்லத் ஞாபகம் வந்து நானும் துடைத்தேன்.

ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாஷே, இவிடெ ஆகெ உள்ளது ஒரு கோழிக் கள்ளன் மாத்ரம். பிராயம் அறுபது. அவன் மதியோ?" என்றார். இருப்பது ஒரு கோழித் திருடன்தான், அவன் போதுமா என்று கேட்கிறார். போதாது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "கரயண்டா மாஷே, நமுக்கு ஹாஸ்டலில் போயி நோக்காம்," என்று, அழ வேண்டாம் எனத் தேற்றி, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரும் கூட வந்தார். இந்த இடத்தில்தான் காரியம் கெட்டது.

அந்தச் சர்வகலாசாலை விடுதியை நீங்கள் பார்த்ததில்லை. நம் ஊர்ச் சந்தையை நான்கு மாடியாக அடுக்கி, ஆளுக்கொரு ஜன்னல் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. வாசலில் ஒரு போலீஸ்காரரும், கறுப்புக் கோட்டு வக்கீலும், கம்பிளி மூட்டையோடு நானும் வந்து நின்றதும் எல்லா ஜன்னலிலும் தலைகள். யாரோ ஒரு விசில் அடித்தான். அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு கயிற்றில் கட்டிக் கொல்லைப்பக்கம் இறங்கிப் போனதை நான் கண்ணால் கண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படியில் நின்ற பிள்ளைகளிடம் ஹெட் கான்ஸ்டபிள் கேட்டார். ஒருவன், "ரஷீதோ? அங்ஙனெ ஒராள் இவிடெ இல்லா," என்றான். இன்னொருவன், "இது வரெ உண்டாயிட்டும் இல்லா," என்றான். அப்படி ஒருவன் இங்கே இல்லை, இருந்ததே இல்லை என்கிறார்கள். ரஷீதின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவன் அதைச் சொன்னான். மச்சான், எனக்குப் பயம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்காக இத்தனை பேர் இவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்றால் அவன் அங்கே நன்றாக வாழ்கிறான் என்றுதானே அர்த்தம்?

உண்மை சொன்னவர் காவல்காரச் சேட்டன் ஒருவர்தான். "ரஷீது முறி பூட்டி களிக்கான் போயி," என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "இந்த வார்த்தையைத்தான் வெள்ளிக்கிழமை வந்தவரிடமும் சொன்னீரா?" என்று கேட்டேன். ஆமாம், குடையோடு ஒரு தமிழர் வந்தார், இதைச் சொன்னதும் முறுக்கு டின்னைக் கீழே வைத்துவிட்டு, குடையையும் மறந்துவிட்டு, ரயில் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார் என்றார்.

இப்போது பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் முறி என்றால் அறை. களி என்றால் விளையாட்டு. அந்தச் சேட்டன் சொன்னது, ரஷீது அறையைப் பூட்டிவிட்டு விளையாடப் போயிருக்கிறான் என்பது. நம் சங்கரலிங்கத்தின் காதில் என்ன விழுந்திருக்கும்? முறித்தார்கள், பூட்டினார்கள், பையன் களி தின்னப் போய்விட்டான். நம் பக்கத்தில் களி தின்னப் போகிற இடம் ஒன்றே ஒன்றுதானே! அவரைக் கோபிக்காதீர்கள். மூன்று வார்த்தையும் சுத்தமான தமிழாகக் காதில் விழுந்தால் மனுஷன் என்ன செய்வார்? ஓர் உதாரணம் சொல்கிறேன். ரஷீதே முதல் வாரத்தில் இப்படித்தான். இரவுச் சாப்பாட்டில் பரிமாறுகிறவர், "வெள்ளம் வேணோ, வெள்ளம்?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வெளியே அடைமழை. இவன் எழுந்து மாடிக்கு ஓடிப் பெட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டான். அவர் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அன்றிலிருந்து விடுதியில் அவனுக்குப் பெயர் வெள்ளம் ரஷீது. அங்கே வேறு ரஷீதுகளும் இருப்பதால் அந்தப் பெயர் சௌகரியமாகவும் இருக்கிறது.

மைதானத்துக்குப் போனோம். பிள்ளை பந்தாட்டத்தில் கோல் காக்கிறான். தலை முதல் கால் வரை சேறு, பல் மட்டும் வெள்ளை. நாங்கள் மூன்று பேரும் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றோம். யூனிபாரத்தைப் பார்த்ததும் அவன் திரும்பிவிட்டான், பந்து அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டது. கூட ஆடின பையன்கள் என்னைப் பார்த்த பார்வையை இனி மறக்க மாட்டேன். அவன் ஓடி வந்தான். "என்ன மாமா, உம்மாவுக்கு ஏதும் ஆயிட்டா?" முதல் கேள்வி அதுதான் மச்சான்.

"உம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா. நீதான் ஜெயில்ல இருக்க."

"நானா? எப்ப இருந்து மாமா?"

"வெள்ளிக்கிழமையில இருந்து."

"வெள்ளிக்கிழமை நான் கெமிஸ்ட்ரி பரீட்சைல்லா எழுதினேன்!" என்றான். சாயங்காலம் ஆட்டமும் ஆடியிருக்கிறான்.

இதற்குள் வார்டனுக்குச் செய்தி போய்விட்டது. சேர்ந்து இரண்டு மாசம் ஆகாத பையனைத் தேடிப் போலீஸ் வந்ததாம், வக்கீலும் வந்தாராம் என்று. அவரிடம் நான் ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். களியில் சிரிக்க ஆரம்பித்தவர் வெள்ளத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆனால் கடைசியில் அவர் சொன்னதைக் கேளுங்கள். பையன் கணக்கில் முதல் வரிசை, அவனை நான் விடமாட்டேன், ஆனாலும் தகப்பனார் கேட்டால் பெயரை வெட்டிக்கொடுக்க வேண்டியதுதான், எனக்கு வேறு வழி இல்லை என்றார். அதைக் கேட்டதும் ரஷீது கையிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு நின்றான். "வாப்பா சொன்னா போயிருவேன் மாமா. ஆனா வருஷக் கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போறேன்னு கேட்டுப் பாருங்களேன்," என்று படகுத்துறையில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

அவன் வருஷக் கடைசி வரைக்கும் கேட்கிறான். நான் மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கிறேன். கடையில் உட்கார அவனுக்கு ஆயுள் முழுக்க இருக்கிறது, மிளகும் எங்கேயும் போய்விடாது. தண்ணீர் கேட்கத் தெரியாமல் வந்த பிள்ளை இன்று மலையாளத்தில் சண்டை போடுகிறான், அந்தச் சண்டையில் ஜெயிக்கவும் செய்கிறான். இரண்டு மாசத்தில் இவ்வளவு என்றால் மூன்று வருஷத்தில் என்ன ஆவான் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கில் நீங்களும் கெட்டிக்காரர்தான். ஆகவே பதறிப் புறப்பட்டு வந்துவிட வேண்டாம். வீட்டிலேயே நிம்மதியாக இருங்கள், இங்கே பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். ரம்லத்திடம் முறுக்கு மிக நன்றாக இருந்ததென்று சொல்லவும், ரஷீதுக்கு ஒன்று கிடைத்ததாம். சங்கரலிங்கத்துக்கு என் மரியாதையும் அவருடைய குடையும். உங்கள் வீட்டு அடுப்பும் கடைத் தராசும் ஒருநாளும் ஓயாமல் இருக்க அல்லாஹ்வை இறைஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மைத்துனன்,
மு. முகைதீன் பிச்சை, ஓய்வுபெற்ற ஆசிரியன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நேற்றைய ஹெட் கான்ஸ்டபிள் நனைந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறார். காலை ரயிலில் வந்த மேலப்பாளையத்து முதலாளி ஒருவர் நேரே ஸ்டேஷனுக்குப் போய், "எம் மவன எங்கவே வச்சிருக்கிய?" என்று கேட்டு, யார் சொல்லியும் கேளாமல் எழுத்தர் மேஜையைத் தள்ளிக்கொண்டு லாக்கப்புக்குள் நுழைந்து தேடினாராம். மகன் இல்லை என்றதும், அவனைக் காட்டினால்தான் வெளியே வருவேன் என்று அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாராம். "ஞங்ஙள் பூட்டியதல்ல மாஷே, புள்ளி தன்னெ கேறி இருந்நதாணு," என்று, ஆள் தானாகவே உள்ளே போய் உட்கார்ந்ததாக இவர் சத்தியம் செய்கிறார். கோழிக் கள்ளன் உங்களுக்குப் பாதிப் பாயைக் கொடுத்திருக்கிறானாம், அதுவரை நிம்மதி. ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் இவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அங்கே நேரம் இருக்கும், சாவகாசமாகப் படியுங்கள். நானும் வெங்கிட்டுவும் அடுத்த படகில் வந்து, ரஷீதையும் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறோம். மேஜையிலிருந்த மைக்கூடு உடைந்துவிட்டதால், இன்னார் இன்னாரென்று அடையாளம் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் உங்களை அனுப்ப முடியுமாம். நானே போடுகிறேனே என்று வாயெடுத்தேன், வாசலில் போலீஸைப் பார்த்து ஓடிவந்திருந்த வெங்கிட்டு என் காலை மிதித்துவிட்டார். இந்த மாதிரி விஷயத்துக்கு சர்வகலாசாலை மாணவன் ஒருவன் கையெழுத்துத்தான் உசிதம் என்றும், பெயர் வெட்டப்பட்ட பையன் போட்டால் செல்லவே செல்லாது என்றும் அவர் சட்டம் சொல்கிறார். சட்டம் எனக்குத் தெரியாது மச்சான், ஆனால் வக்கீல் வைக்கச் சொன்னது நீங்கள்.