காணாமல் போன நடுத்துண்டு

அகிலேஷின் கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையாக உறைந்து நின்றது. மணி மூன்றேகால்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் பஸ் ஏறினால் பத்தே நிமிஷம். ஆனாலும் இது கேரளம், அது தமிழ்நாடு. முத்துக்குமாரசாமியின் ரப்பர் ஷீட் கம்பெனிக்கு இரண்டு பக்கமும் ஆபீஸ். "ஃபேக்ஸ் போதும்" என்றவரிடம், இரண்டு கம்ப்யூட்டரும் போன் லைனில் தாமே பேசிக்கொள்ளும் என்று அளந்துவிட்டு வேலையில் சேர்ந்தவன் அகிலேஷ். அந்தப் பக்கத்துச் சரக்குப் பட்டியல் இன்று ஐந்து மணிக்குள் இந்தப் பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் வேலை போச்சு.

பட்டியலை முழுசாக அனுப்ப லைன் தாங்காது; நடுவே ஒரு இரைச்சல் வந்தாலே அறுந்துவிடும். துண்டு துண்டாக நறுக்கித்தான் வரும். வந்ததை ஒட்டும் வேலையை, சிஸ்டத்தின் வயிற்றுக்குள்ளேயே கையை விட்டு இவன் எழுதியிருந்தான். முதல் துண்டு வந்தது, கடைசித் துண்டு வந்தது, நடுத்துண்டைக் காணோம். இல்லாததை ஒட்டப்போய்த்தான் மிஷின் உறைந்தது.

களியக்காவிளை கிளார்க் சத்தியபாயை ஆபீஸின் இன்னொரு போனில் கூப்பிட்டான்.

"அக்கா, மறுபடியும் அனுப்புங்க. லைன் கட்டாகாம பாத்துக்கிடணும்."

"நான் பாத்துக்கிடுதேன் மக்கா. நீ சமாதானமா இரி."

நடுத்துண்டு வரும்வரை காத்திருக்கும்படி புரோகிராமை மாற்றினான். இப்போது நாலு துண்டுகளைக் காணோம். காத்திருந்தவை கல்யாணப் பந்தி வாசலில் நிற்கும் கூட்டம் மாதிரி மெமரியை அடைத்துக்கொண்டன.

"அக்கா, லைன்லதான் என்னமோ உண்டு. இன்னும் கவனமா பாருங்க."

"சரி மக்கா. இனி சாயா குடிக்கக்கூட எழும்பமாட்டேன்."

அரை நிமிஷத்தில் முழுசாகாததை எறிந்துவிடும்படி திருத்தினான். அது எல்லாவற்றையும் எறிந்தது.

முத்துக்குமாரசாமி பின்னால் வந்து நின்றார். "எலே, பட்டியல் எங்க?"

"வருது சார். துண்டு துண்டா வருது."

"நான் நடந்து போயிருந்தா உச்சைச் சோத்துக்கு முன்னாலயே வாங்கிட்டு வந்திருப்பேன்."

ஐந்து அடித்தது. அவர் கையாலேயே சுவிட்சை அணைத்தார். "நாளைக்கு நீ வரண்டாம்."

கால் மணி கழித்து அகிலேஷ் பையை எடுக்கும்போது வாசலில் சத்தியபாய் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள். சைகையாலேயே வெந்நீர் கேட்டு வாங்கி, இரண்டு மிடறு குடித்தாள்.

"தொண்ட போச்சு மக்கா," என்றாள் கரகரத்த குரலில். "நீ சொன்னபடி லைன் உண்டான்னு பாக்க, நிமிஷத்துக்கு ஒருக்க அதே லைன்ல உள்ள அடுத்த ரூம் போன எடுத்து 'ஹலோ, ஹலோ'ன்னு கத்துதேன், உன் கம்ப்யூட்டர் ஒரு வார்த்த பதில் சொல்லல்லியே."