அம்சம் கேட்ட மண்

அரசப்பன் முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று மூன்றாவது பிளாஸ்டிக் பையில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தான். ஆடு மேய்க்க வந்த வேம்பு இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணே, எலி வளையா?"

"இல்ல, மண்ணு எடுக்கிறேன்."

"அது தெரியுது. பையில என்னமோ எழுதியிருக்கே?"

வரப்பில் இருந்த இரண்டு பைகளில் 'மேல் மண்', 'நடு மண்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. கையில் இருந்ததில் 'அடி மண்'.

"ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒவ்வொரு நெறம். கலந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"எங்க கொண்டுபோறதுக்கு?"

"பிரான்சுக்கு" என்றான் அரசப்பன்.

வேறு எந்த வருடமாக இருந்தாலும் வேம்பு சிரித்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். ஆனால் அது, வயலுக்கடியில் எரிவாயு இருக்கிறதென்று கம்பெனிகள் துளைபோட வருவதாகத் தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த வருடம். ஒப்பந்தம் போட்டது அவர்கள் ஆட்சி என்று இவர்களும், கண்டுகொள்ளாமல் இருப்பது இவர்கள் ஆட்சி என்று அவர்களும் ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே மேடை போட்டார்கள். ஊருக்குள் ஜீப் வந்தால் மறித்தார்கள். அந்நியன் எவனாவது குனிந்து செருப்பு வாரை மாட்டினால்கூட "என்னத்த எடுக்கிறே?" என்று கேட்டார்கள்.

வேம்பு ஆடுகளை அங்கேயே விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

அரசப்பனின் மனைவி அம்சம், திருவிடைமருதூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கடைச் சாயத்தைத் தொடமாட்டாள். தங்கள் வயல் மண்ணையே குழைத்து, தங்கள் வயலையே வரைவாள். அந்தப் படங்களை எங்கோ பார்த்த பிரான்சுக்காரர்கள், ஓவியர்கள் தங்கி வேலை செய்யும் ஒரு பழைய மாவு மில்லுக்கு அவளை அழைத்திருந்தார்கள். கோடை தொடங்கும்போது போனாள். ஆடி கடைசியில்தான் திரும்பவேண்டும். அதற்குள் பெரிய படம் ஒன்று முடித்துக் கண்காட்சி வைக்கவேண்டும். "நம்ம வயல் மண்ணு இல்லாம கை ஓடலைங்க. மூணு ஆழத்துல எடுத்து அனுப்ப முடியுமா?" என்று கேட்டது போன வாரம்.

அவள் கேட்டு அரசப்பன் இல்லையென்று சொன்னதில்லை. அதிலும் இப்போது அவள் கேட்பது அபூர்வமாகிவிட்டிருந்தது. தினமும் போனில் பேசுவார்கள். "சாப்டீங்களா?" என்பாள். "கெண்டை மீன் கொழம்பு" என்பான், பழையதைப் பிசைந்துகொண்டே. "உனக்கு அங்க எப்படி?" என்பான். "அருமையா இருக்கு. ஜன்னலைத் தொறந்தா ஆறு. கரைமுட்டத் தண்ணி. ஒருத்தரும் எறங்கிக் குளிக்க மாட்டேங்கிறாங்க. ராத்திரி ஒம்பது மணிக்கும் வெயில் அடிக்குது, விளக்குப் போடுறதே மறந்துபோச்சு" என்பாள். பிறகு, "அது என்ன சத்தம்?" என்பாள். "மாடு." "போனை அந்தப் பக்கம் கொஞ்சம் காட்டுங்க." அரசப்பன் மாட்டிடம் போனைக் காட்டிக்கொண்டு நிற்பான். இரண்டு பக்கமும் யாரும் பேசமாட்டார்கள்.

பைகளோடு அவன் கடைத்தெருவை அடைந்தபோது கூட்டம் தயாராக இருந்தது. பச்சைத் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு விவசாயிகள் சங்கத் தலைவர் சிங்காரவேலு முன்னால் வந்தார்.

"அரசப்பா, உங்கப்பா இந்த நெலத்துல கூலிக்கு நாத்துக்கட்டு தூக்குனவரு. கொடி புடிச்சு, கோர்ட்டுக்கு நடந்து, அஞ்சு மா நெலத்தைத் தம் பேருக்கு மாத்துனாரு. நீ அதைப் பையில போட்டு விக்கிறியா?"

"விக்கலைங்க தலைவரே. அம்சம் படம் வரையக் கேட்டுச்சு."

"படம் வரைய மூணு ஆழத்துல எதுக்குய்யா மண்ணு? கம்பெனிக்காரனும் இப்படித்தான் எடுத்தான், பேரு எழுதி."

"வேணுன்னா அதுகிட்டயே கேளுங்க" என்று போனைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினான். அதுதான் தப்பாகிவிட்டது. அம்சம் பேசுமுன், பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்காரர் குரல் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னது.

"இவன் போன் போட்டா கம்பெனியே எடுக்குது!" என்றது கூட்டம்.

அம்சம் நிலைமையைப் புரிந்துகொண்டாள். "தலைவரே, அது எங்க சமையக்காரரு, காப்பி ஆறுதுங்கிறாரு" என்றாள். பிறகு, "ஏங்க, ஊருக்கு சங்கடம்னா மண்ணே வேணாம். விட்டுடுங்க. மண்ணு கெடைக்கல, வரைய முடியாதுன்னு இங்க சொல்லிட்டு நான் கெளம்பி வந்துடுறேன்" என்றாள். குரல் தெளிவாக, உற்சாகமாகக்கூட இருந்தது.

கூட்டம் சமாதானமாகி, பைகளைப் பிடுங்கிக் குழியிலேயே கொட்டிவிட்டுக் கலைந்தது. அரசப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. எவ்வளவு பெரிய ஏமாற்றம், அதை எப்படி மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள்! தன்னால் மூன்று பை மண் அனுப்ப முடியாமல் அவள் தோற்றுத் திரும்புவதா? விடியும் முன்பே வயலுக்குப் போய், அதே குழியில் மறுபடி மண் எடுத்துக்கொண்டு, கும்பகோணத்துக்கு முதல் பஸ் பிடித்தான்.

கூரியர் ஆபீஸில் இருந்த பெண் பைகளைத் தொடவே இல்லை.

"பச்சை மண்ணை வெளிநாட்டுல உள்ளயே விடமாட்டாங்க சார். புழு பூச்சி போயிடும்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"வறுத்துக் குடுத்தா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொம்மை, பானை மாதிரி சுட்டதுன்னா போகும்."

அன்று மாலை அவன் இதை அம்சத்திடம் போனில் சொன்னான். "சுட்டா நெறம் மாறிடுமேங்க" என்றாள்.

"மூணு ஆழத்துக்கும் மூணு நெறமா செவக்கும். இடிச்சுச் சலிச்சுக் கொழைச்சுக்கலாம்ல?"

"இடிக்கலாம்தான்..." என்றாள் அம்சம். "நீங்க எதுக்குங்க இவ்வளவு கஷ்டப்படுறீங்க? முடியலன்னா விட்டுடுங்களேன்."

"நீ வேலையைப் பாரு. மண்ணு வரும்" என்றான் அரசப்பன். அவளுக்குத் தைரியம் சொல்ல முடிந்ததில் அவனுக்கு அன்றைக்குப் பழையதுகூட ருசித்தது.

ஆழத்துக்கு ஒரு செங்கல்லாகச் சுட்டுவிடலாம் என்று பார்த்தால், மூன்று பை மண் போதவில்லை. குழியை அகலப்படுத்தினான். மிதித்துக் குழைத்து, அச்சில் அடித்து, வயலின் ஈசானி மூலையில் காயவைத்தான். ஒன்று வெடித்தால் இன்னொன்று இருக்கட்டுமென்று இரண்டிரண்டாக அடித்தான். வைக்கோலும் உமியும் வறட்டியும் அடுக்கி நெருப்பு வைத்தபோது, புகை திருவிடைமருதூர்க் கோபுரத்தைப் பார்த்துப் போனது.

புகையைப் பின்பற்றி கிராம நிர்வாக அலுவலர் ஆனந்தவல்லி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார்.

"நன்செய்யில சூளை போடுறீங்களாமே? அனுமதி இருக்கா?"

"சூளை இல்லீங்கம்மா, மூணு கல்லு."

"எல்லாரும் ஆரம்பத்துல மூணு கல்லுன்னுதான் சொல்லுவாங்க." அவர் குனிந்து எண்ணினார். "ஆறு இருக்கே!"

 அன்று சாயங்காலத்துக்குள், அரசப்பன் நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டான், கம்பெனிக்காரன் தங்குவதற்குக் கட்டடம் எழும்புகிறது, முதல் ஆறு கல் அறுத்தாகிவிட்டது என்று ஊரில் பேச்சு. மறுநாள் காலை சிங்காரவேலு தலைமையில் சாலை மறியல். இரண்டு பஸ் நின்றது. தாசில்தார் அலுவலகத்தில் சமாதானப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள்.

"ரோட்டையே மறிச்சுட்டாங்களா?" என்றாள் அம்சம் போனில். "அப்ப இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நான் நாளைக்கே இங்க டைரக்டரம்மாகிட்ட சொல்லிடுறேன்."

"ரெண்டு நாள் பொறு."

"எதுக்குங்க?"

"பொறுங்கிறேன்ல" என்றான். அவளிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "மாடு பாக்குறியா?" என்றான்.

பேச்சுவார்த்தையில் மேசைமேல் ஆறு செங்கல்லையும் சாட்சியாக அடுக்கியிருந்தார்கள். மின்விசிறிக்கடியில் தாசில்தார். ஒரு பக்கம் பச்சைத் துண்டுகள். இன்னொரு பக்கம் எதற்கும் இருக்கட்டுமென்று வந்திருந்த ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி கிளைச் செயலாளர்கள் இருவரும்.

"இந்தச் செங்கல் எதுக்கு?" என்றார் தாசில்தார்.

"பெயிண்டுக்குங்க."

"செங்கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கவா?"

"இல்லீங்க. செங்கல்லுதாங்க பெயிண்டு."

கூடம் சிரித்தது. அரசப்பன் போனைத் திறந்து, அம்சம் முன்பு வரைந்த படம் ஒன்றை தாசில்தாரிடம் நீட்டினான். நடவுக்கு முந்திய வயல். வரப்பில் ஒருத்தி குனிந்து காலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். படம் முழுக்க ஒரே மண், ஏழெட்டு நிறம். தாசில்தார் பார்த்துவிட்டு சிங்காரவேலுவிடம் கொடுத்தார். சிங்காரவேலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது நம்ம மேட்டு மடைதானே?" என்றார். போன் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைவரை போனது.

அரசப்பன் அதுவரை இத்தனை பேர் முன்னால் பேசியதில்லை.

"அது போனதுலேருந்து வீட்டுல ஒண்ணும் ஒழுங்கா இல்லீங்க. நான் ஒழுங்கா சாப்புடல, மாடு ஒழுங்கா கறக்கல. காலையில டீ போட்டா ரெண்டு டம்ளர் போட்டுடுறேன். அது வந்துட்டாத் தேவலைன்னு எனக்கு இல்லையா? இருக்குங்க. ஆனா ஊருல மண்ணு குடுக்கல, புருஷன் அனுப்பலன்னு பாதியில திரும்பி வரக்கூடாது. முடிச்சுட்டு வரணும். அவ்வளவுதாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் நின்ற வேம்பு மூக்கை உறிஞ்சினாள்.

சிங்காரவேலு எழுந்தார். முப்பது வருடமாக மேடையில் பேசுகிறவர். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதென்று அவருக்குத் தெரியும். "கம்பெனிக்காரன் நம்ம மண்ணைத் திருடிட்டுப் போறதைத்தான் எதிர்க்கிறோம். நம்ம ஊருப் பொண்ணு நம்ம மண்ணை வச்சு வெள்ளைக்காரன் சுவத்துல நம்ம வயலை மாட்டுதுன்னா, அதுவும் போராட்டம்தான்! இந்தக் கல்லை ஊரே அனுப்பும்" என்றார்.

அதன்பிறகு அரசப்பனின் கையில் எதுவும் இல்லை. மேளம் வைத்தார்கள். செங்கற்களை எந்தக் கட்சிக் கரைத் துண்டில் சுற்றுவதென்று கிளைச் செயலாளர்கள் இருவருக்கும் கைகலப்பு வர, வேம்பு தன் ஆட்டுக்குத் தழை கட்டும் சாக்குப்பையில் அவற்றைப் போட்டு முடிந்துவிட்டாள். தங்கை கல்யாணத்துக்குக் காரைக்கால் வந்துவிட்டு, பாரீசில் தான் வைத்திருக்கும் மளிகைக் கடைக்குத் திரும்பப்போகிற ஹபீப் முகம்மதுவை சிங்காரவேலு தேடிப் பிடித்தார். கூரியரை நம்பமுடியாது, கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடவேண்டும் என்றார். பாரீசுக்குக் கட்டிவைத்திருந்த கல்யாண அல்வாவைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு ஹபீப் ஆறு செங்கல்லையும் ஏற்றிக்கொண்டான்.

இதை அம்சத்திடம் சொல்ல வேண்டாம், மண் கையில் போய் நிற்கும்போது தெரியட்டும் என்று அரசப்பன் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டான். அவளிடம் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹபீபின் போன் வந்தது. கடைத்தெருவில் ஊரே கூடியிருந்தது.

"குடுத்துட்டேன்ண்ணே. ரயில் மாறி, பஸ் மாறி, ஆறு கல்லும் ஒடையாம குடுத்துட்டேன்."

விசில் பறந்தது. சிங்காரவேலு தானே வெடியைக் கொளுத்தினார். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் அரசப்பன் போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுவரை நடந்தான்.

"இப்ப சொல்லு தம்பி. பாத்துட்டு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைண்ணே. கல்லை மடியில வச்சிக்கிட்டு ஓன்னு அழுதாங்க."

"அழுவா. எனக்குத் தெரியும்" என்றான் அரசப்பன். அவனுக்கும் கண் நிறைந்தது. "சந்தோஷத்துல அழுதிருப்பா."

"டைரக்டரம்மாவும் வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. இவ்வளவு தூரத்துலேருந்து வந்த மண்ணு, அவசரமே வேணாம், தீவாளிவரைக்கும்கூட இருந்து பெருசா வரையுங்கன்னுட்டாங்க."

அரசப்பன் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். "நல்லதுதானே தம்பி" என்றான்.

அந்தப் பக்கம் ஹபீப் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நான் போறப்ப அக்கா பொட்டி கட்டி, செருப்புப் போட்டு, வாசல்ல நின்னாங்க. வீட்டு நெனப்புத் தாங்கலன்னு சொன்னா கேவலம்னு, ஊரு மண்ணு வராம வரைய முடியாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்களாம். அழுது ஓஞ்சப்புறம் அவங்களே சொன்னாங்க. நீங்க அனுப்பவே மாட்டீங்கன்னு உங்க மேல அவ்வளவு நம்பிக்கையா இருந்திருக்காங்கண்ணே!"